மூன்றாவது தலை

ஜகார்த்தாவில் கால் வைத்த மறுநாள் காலையிலேயே, என்னைக் கடத்துகிறார்கள் என்று மனதார நம்பிவிட்டேன்.

காரை ஓட்டுவது குமரேசன். மணிமங்கலத்துக்காரன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் என் லைனில் இருந்தவன், இரண்டு வருடமாக இங்கே வேலை. பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஆட்கள் வரிசையாக ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். குமரேசன் நிறுத்துகிறான். முன்பின் தெரியாத ஒருவர் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்கிறார். நான் லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து பாஸ்போர்ட்டைச் சாக்ஸுக்குள் திணிக்கிறேன். இன்சூரன்ஸ் பாலிசி எந்த பீரோவில் இருக்கிறதென்று வீட்டில் அவளுக்குத் தெரியாதே!

“இன்னா சார், வேர்த்து ஊத்துது? ஏசி ஓடிக்கினுதானே கீது?”

“யாருடா அவன்?”

“காலைல இந்த ரோட்டுல ஒரு கார்ல மூணு பேராவது இருக்கணும் சார். இல்லாங்காட்டி போலீஸ் புடிப்பான். நாம ரெண்டு பேரு. அதான் காசு குடுத்து ஏத்திக்கினேன். அவருக்கு இதான் வேலையே.”

படப்பை ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாகத் தொங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனவன் நான். ஆள் குறைச்சல் என்று பிடிக்கும் ஊரை இன்றுதான் பார்க்கிறேன்.

பின்சீட்டுக்காரர் ஏதோ கேட்கிறார். குமரேசன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரிக்கிறான்.

“மீசைக்காரர் ஏன் ஷூவாண்ட கைய வுட்டுக்கினே கீறாரு, கத்தி கித்தி வெச்சிருக்காரான்னு கேக்குறாரு சார்.”

போலீஸ்காரர் மூன்று தலைகளை எண்ணிவிட்டுக் கையசைக்கிறார். சாலை முடிந்ததும், நின்றும் நிற்காத காரிலிருந்து அந்த மனிதர் பையை நெஞ்சோடு அணைத்தபடி குதித்து இறங்குகிறார்.

நடந்தது இவ்வளவுதான்: அந்தக் காரில் இரண்டு பேர் பயந்தோம், ஒருத்தன் ஓட்டினான்.