கொடியில் இடம் இல்லை

சலவைக்கடைக்காரருக்கு இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்து மாதக்கணக்காகிவிட்டது. மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் அரிப்பு சட்டென்று அடங்கும். நிறுத்தினாலோ வட்டம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். வாடிக்கையாளர்கள் முன்னால் சொறிய முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு இஸ்திரி போடுவார். கடைசியில் மனைவிதான் பிடிவாதமாக அவரைத் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"இது ஸ்டீராய்டு களிம்பு. பூஞ்சைக்கு நீங்களே தீனி போட்டு வளர்த்திருக்கீங்க. தூக்கிப் போடுங்க" என்று அவர் காட்டிய களிம்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். "வட்டம் மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் விடாம போடணும்." பிறகு அவருடைய பேண்ட்டின் இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பார்த்தார். "என்னங்க இது, ஈரமா இருக்கு?"

மனைவி முந்திக்கொண்டாள். "ஊர்த்துணியெல்லாம் காய்ஞ்சப்புறம்தான் இவர் துணிக்குக் கொடியில இடம், டாக்டர். அதுக்குள்ள வெயில் போயிடும். ஈரத்தோடயே மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார்."

"அந்த ஈரத்துலதான் அது குடியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் எகிறினார். "என் சட்டை இன்னும் காயலையா?"

கடைக்காரர் கொடியைக் காட்டினார். சுள்ளென்று வெயில் விழும் இடத்தில் அவருடைய பேண்ட் தொங்கியது.

"என்னுது காயுது சார். கொஞ்சம் இருங்க."