படகு லைசென்சுக்கு இரண்டு கையெழுத்து

மஸ்கட்டில் ஒரு கடற்கரை விடுதியில் வேலை பார்க்கிறேன். சுற்றுலாப் படகை நானே ஓட்ட லைசென்ஸ் கேட்டபோது, வெளிநாட்டுக்காரி என்பதால் சொந்த ஊர்ப் போலீசிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அதற்காக லீவு போட்டு அல்லிநகரத்துக்கு வந்தேன்.

விசாரிக்க ஏட்டு வந்தார். கதவைத் திறந்தது என் அண்ணன். நான் வெளிநாடு போனதிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"போட் ஓட்டப் போறாளாம் சார். நாலு ஆம்பளைகளோட கடல்ல சுத்துறதுக்கு, நல்ல பொண்ணுன்னு நாம எழுதித் தரணுமாக்கும்?"

ஏட்டு சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

"அத ஃபாரத்துல கேட்டிருக்காகளா சார்?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவேன் என்றார்.

"எவன் போடுறான்னு பாக்குறேன்" என்றான் அண்ணன்.

நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சுவர்த் தகராறில் எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்த அந்த வீட்டு அக்கா, வாசலிலேயே என்னை நிற்க வைத்து விஷயத்தைக் கேட்டார்.

"உங்க வீட்டு ஆளுக யாரையுமே எனக்குப் பிடிக்காது, உன்னையும் சேத்துத்தான். ஆனா உங்கண்ணன் வேணாங்கிறான்ல, அதுக்காகவே போடுறேன்" என்று பேனாவை வாங்கினார். தன் கணவரையும் கூப்பிட்டுப் போட வைத்தார்.

சான்று வந்தது. மஸ்கட்டில் பரீட்சை எழுதி, படகை ஓட்டிக் காட்டித் தேறினேன். இப்போது தினமும் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறேன். அண்ணன் இன்றுவரை கூப்பிடவில்லை. அவன் நம்பரை நானும் அழித்துவிட்டேன்.