மிச்சம் வைத்த கொய்னா

தபால் ஆபீஸ் வேலையில் கசப்பது தபால் தலைப் பசை ஒன்றுதான் என்று நம்பிச் சேர்ந்தவன் நான். தேவாரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான், கார்டு கவரோடு மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை விற்பதையும் சர்க்கார் நம் தலையில் கட்டியிருப்பது தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களிடம் பேச்சு வாங்கிய எவருக்கும் என் பாடு புரியும்.

நாக்கு

ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்கள் எங்களிடம் கொய்னா வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் ஜன்னல் கம்பிக்கு நேராக நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். “நான் டாக்டர் இல்லை, முத்திரை குத்துகிறவன்” என்றேன். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அவர் கேட்டார்:

“மருந்து நீங்கதான தாரீக? அப்ப நாக்கை வேற யாருகிட்ட நீட்டுறது?”

திரும்பி வருகிற காய்ச்சல்

பாக்கெட் முழுவதையும் தின்று தீர்க்க வேண்டும் என்பது விதி. வாங்கிப் போகிறவர்கள் தின்கிறார்களா என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. ஏலக்காய் பறிக்கப் போகும் பேச்சியம்மாவிடம் கேட்டே விட்டேன்.

“குளிர் விட்டதும் நிப்பாட்டிருவேன்யா” என்றாள். மீதியைத் துணியில் சுற்றி முந்தியில் முடிந்துகொள்வாளாம். விசாரித்தால் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். எனக்கு வந்ததே கோபம். முழுசாகத் தின்னாவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும் என்று கத்தினேன். அவள் அசரவில்லை.

“திரும்பி வரும்னு தெரிஞ்சுதானய்யா மிச்சம் வச்சிருக்கேன்!”

ஜாவா

உலகச் சண்டையில் ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்தான். உலகத்துக் கொய்னாவில் பெரும்பங்கு அந்தத் தீவிலிருந்துதான் வருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கொஞ்ச நாளில் எங்கள் அலமாரி காலி. இருக்கிற சரக்கு பட்டாளத்துக்கே பற்றவில்லை என்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காலி அலமாரியைத் திறந்து காட்டி, கடலில் ஜாவா எங்கே இருக்கிறது என்று சுவரில் தொங்கிய படத்தில் விரல் வைத்தேன். நாக்கு நீட்டிய பெரியவர் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“நம்ம காய்ச்சலுக்கு மருந்தை அம்புட்டுத் தூரத்துல கொண்டுபோயி எவன்யா வச்சது?”

முந்தி முடிச்சு

அந்த மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டில் ஆடுகிற நடுக்கம். பெரியகுளம் வரைக்கும் ஆள் விட்டுப் பார்த்தேன், ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. கொய்னா விற்றவன் வீட்டிலேயே கொய்னா இல்லை. பயந்துபோனேன்.

கார்டு வாங்க வந்த பேச்சியம்மா என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். உடனே முந்தியை அவிழ்த்தாள். பழுப்பேறிய மாத்திரைகள், ஒன்பது இருந்தன. மறுநாள் அவள் மலையேறுகிறாள், அங்கேதான் காய்ச்சலே குடியிருக்கிறது. “உனக்கு?” என்றேன்.

“எனக்கு வந்தாத்தானய்யா வேணும். அம்மாவுக்கு வந்துருச்சுல்ல?”

விதிமீறல்

ஐந்தாவது மாத்திரையோடு நடுக்கம் நின்றது. ஆறாவதை நீட்டினேன். மனைவி வாயை இறுக மூடிக்கொண்டாள். “குளிர் விட்டுருச்சு. மிச்சத்தை அந்தப் புள்ளைக்கு அனுப்புங்க” என்றாள். நான் விதியைச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நாலையும் காகிதத்தில் மடித்து, மலைக்குத் தபால் பை தூக்குகிற ரன்னரிடம் கொடுத்துவிட்டேன். மனைவிக்குக் காய்ச்சல் திரும்பி வரத்தான் செய்தது, ஆனால் பிழைத்துக்கொண்டாள். மலையில் காய்ச்சலில் விழுந்த பேச்சியம்மாவும் அந்த நாலு மாத்திரையில் எழுந்துவிட்டாள். பறிப்பு முடிந்து இறங்கியதும் ஜன்னலில் வந்து நின்று சிரித்தாள்.

“என்னங்கய்யா, எங்களைத் திட்டிட்டு நீங்களும் மிச்சம் வச்சுட்டீகளே!”

மாத்திரையை மிச்சம் வைக்காதீர்கள் என்று அதற்குப் பிறகும் பல வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், முன்னைப் போலக் கத்திச் சொல்லத்தான் வாய் வரவில்லை.