மச்சானுக்கு ஊற்றிய கிளாஸ்

நான் சொல்வதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் உடனே நம்புவதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வாய்தான் பாதி மூலதனம். பயணிகளைச் சிரிக்க வைத்தால் பள்ளத்தில் வண்டி விழுந்து எழும்போது யாரும் ஏச மாட்டார்கள்.

நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன், குடியை விட்டுவிட்டேன் என்று அறிவித்த அன்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் எழுந்த சிரிப்பு, அதுவரை நான் சொன்ன எந்தப் பகிடிக்கும் கிடைத்ததில்லை. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மச்சான், என் அக்காவின் கணவர். பல வருஷம் நானும் அவரும் ஒரே போத்தலுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்.

"அல்லேலூயா மாப்ள, பரலோகத்துல கால் போத்தல் கெடைக்குமான்னு விசாரிச்சு வையி. இல்லாட்டி நா வரல."

"ஒங்கள அங்க யாரு கூப்பிட்டா மச்சான்?"

"நீ போறல்ல? அப்ப வாசல்ல காவல் கொஞ்சம் லேசுதான்."

அப்படிப்பட்டவர். போன வருஷம், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். கூட்டம் கிளம்பியதும் மற்றவர்கள் கீழே ஓடியிருக்கிறார்கள். இவர் மேலே ஓடியிருக்கிறார், கூடு இருந்த மரத்தை நோக்கியே. வாழ்க்கையில் அவர் வழி கேட்டு நடந்ததே இல்லை.

முந்தின நாள் குடித்துவிட்டு வந்து அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை உதைத்துக் கவிழ்த்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "போ. இனி இந்த வாசல மிதிக்காத." லயம் முழுக்கக் கேட்டது. லயத்தில் ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்கும் பொது. அவர் மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வந்த முகம் வீங்கி வேறு யாருடையதோ போல இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது அவரு இல்ல" என்றாள். அழவும் இல்லை. "அவரு வரல. அந்த வார்த்தையத் தூக்கிக்கிட்டே போயிட்டாரு."

அவர் கடைசியாக வேலைக்குக் கிளம்பிய அன்று காலை மச்சானை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களம் வரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டது நான்தான். அவர் கோபமாகப் போகவில்லை. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "ஒங்க அக்கா இன்னிக்கு நல்லாக் குடுத்தா மாப்ள. அந்திக்கு ரொட்டி சுட்டு வச்சிருப்பா பாரேன். எம்மேல கோவம் தணிஞ்சா அவ ரொட்டிதான் சுடுவா."

இதை நான் அக்காவிடம் சொன்னேன். பெட்டி வந்த அன்றே சொன்னேன். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாக் கட்டிச் சொல்றடா" என்றாள். மறுபடி சொன்னேன், சத்தியமாக என்றேன். "நீ யாரத்தான் சும்மா விட்டிருக்க, அழுகிறவளச் சிரிக்க வைக்கிறது ஒனக்குப் பழக்கம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒரு பகிடிக்காரனுக்கு வாய்க்கக்கூடிய தண்டனை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. உண்மை கையில் இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அந்த நாட்களில் அந்தியில் பனி இறங்கியதும் ஆட்டோவின் பின்பக்கம் ஒரு சாய்வு தெரியும். இடது மூலையில், மச்சான் எப்போதும் உட்காரும் இடத்தில், யாரோ ஏறி அமர்ந்ததுபோல. கண்ணாடியில் பார்த்தால் சீட்டு காலியாக இருக்கும். பார்க்காவிட்டால் குரல் கேட்கும்: "மாப்ள." பொகவந்தலாவைக் கடைவீதியில் சாராயக்கடை இருக்கும் பக்கம் போகாமல், பெட்ரோல் தீர்ந்தாலும் சுற்றிப் போவது என் வழக்கம். அதைத்தான் நான் விடுதலை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திருப்பத்தில் குரல் இன்னும் கிட்டத்தில் வரும். நான் உரக்கப் பாட்டுப் பாடுவேன். என் ராகத்தைக் கேட்டால் பிசாசு ஓடுமோ ஓடாதோ, ஏறியிருந்த பயணிகள் சிலர் வழியிலேயே இறங்கியிருக்கிறார்கள்.

எட்டாம் நாள் படையல் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். செத்தவர் வந்து சாப்பிடுவார். திறந்து பார்க்கும்போது இலையில் ஏதாவது குறைந்திருந்தால் வந்தார், மனம் ஆறினார் என்று அர்த்தம். குடிக்கிறவராக இருந்தால் கிளாஸில் சாராயமும் உண்டு. அதை ஊற்றி வைத்து, கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டியவன் மச்சினன்.

"நீ கும்பிட வேணாம்டா. ஒன் சாமி வேற, எனக்குத் தெரியும். ஊத்தி வச்சாப் போதும். அவருக்கு வேற மச்சினன் இல்ல. அவரு வந்தாரான்னு எனக்குத் தெரியணும்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எனக்கு முன்னாலேயே ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியவள் அவள். நான் பின்னால் இழுபட்டுப் போனவன். அவள் மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"போத்தலத் தெறந்து, ஊத்தி, மூடி, வெளிய வந்திருவீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"கை இருக்கு. வாயும் இருக்கே."

போதகரைக் கேட்கப் போனேன். துணிக்கடைக்கு மேல் மாடியில் கூடம். போதகர் என்னைவிட இளையவர். மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழற்றி வைத்துக்கொண்டு கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தார். கூடாது என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுவார், அதை அக்காவிடம் அப்படியே ஒப்பித்துவிடலாம் என்றுதான் போனேன். நமக்கு விடுதலை உண்டு என்று ஞாயிறுதோறும் கேட்டிருந்தாலும், யாராவது தடை போட்டால் நிம்மதிதானே.

அவர் அப்படிச் சொல்லவில்லை. "எனக்குத் தெரியல அண்ணே. அக்காவுக்காகன்னா போங்க. போத்தலுக்காகன்னா போகாதீங்க" என்றார்.

"ரெண்டும் ஒரே ரூம்லதான் இருக்கு பாஸ்டர்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப பயந்துகிட்டே போங்க. நா இங்க ஜெபிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றார்.

திரும்பி வரும்போது யோசித்தேன். போனால் குடித்துவிடுவேனோ என்பது ஒரு பயம். போகாமல் இருக்க நான் தேடிய காரணங்களோ எல்லாம் பக்தியான காரணங்கள். என் சாட்சி கெடும், சபையில் பேச்சு வரும், நான் விட்டவன், சுத்தமானவன். அக்கா அந்த இலைக்கு முன்னால் மச்சினன் இல்லாமல் தனியாக நின்றால் நிற்கட்டும். சாராயத்தை விட்ட பிறகும் என்னை நானே ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தெரிந்தது. அது வாசனை வராத குடி. மனைவி மோந்து பார்த்தாலும் பிடிபடாது.

போனேன். இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வெற்றிலை, ஒரு பீடிக்கட்டு. படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று அக்காவுக்கே தெரியாது. சூடம் கொளுத்திவிட்டு எல்லோரும் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்குப் போனார்கள். அக்காவைப் பிடித்து வெளியே உட்கார வைத்தார்கள். கருமாதி முடியும்வரை அவள் இஸ்தோப்பைத் தாண்டி வாசலில் இறங்கக் கூடாது.

நான் மட்டும் உள்ளே.

மூடியைத் திருகினேன். அந்தச் சத்தமே போதும். தொண்டை தானாக ஒருமுறை விழுங்கிக்கொண்டது. ஊற்றினேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை காலம் கழித்தும் விளிம்பில் நிறுத்தக் கைக்குத் தெரிந்திருந்தது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் பனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் மச்சானின் மழைச்சட்டை தொங்கியது. தோள்கள் இன்னும் அவர் அளவுக்கே அகன்றிருந்தன.

"மாப்ள."

நான் திரும்பவில்லை.

"ஒரு வாய் மாப்ள. ஒனக்காக இல்ல. ஒங்க அக்காவுக்காக. கிளாஸு கொறஞ்சிருந்தா அவ நிம்மதியாத் தூங்குவா."

நியாயமாகத்தான் இருந்தது. ஆசை எனக்கு முன்னால் எத்தனையோ வேஷத்தில் வந்திருக்கிறது. உடம்பு வலி என்று, குளிர் என்று, கூட்டாளியின் கல்யாணம் என்று. அன்பின் வேஷத்தில் அன்றுதான் வந்தது. குடிக்கவே வேண்டாம், கொஞ்சம் தரையில் சிந்தினால்கூடப் போதும் என்றும் தோன்றியது. மண் தரை குடித்துவிடும். அக்கா கண்ணீரோடு சிரிப்பாள். யாருக்கு நஷ்டம்? கையை நீட்டினேன். கிளாஸின் குளிர்ச்சி விரலில் பட்டது.

அப்போதுதான் அந்தக் குரலில் ஏதோ இடித்தது. மச்சான் என்னோடு குடித்த இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் "ஒங்க அக்காவுக்காக" என்று குடித்ததில்லை. "எனக்காக ஒரு வாய்" என்பார். அதில் மட்டும் அவர் நேர்மையான மனுஷன். இது அவர் இல்லை. என் தொண்டை, அவர் குரலை இரவல் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தது. செத்தவரை நினைத்து அத்தனை நாள் பயந்தேன். மழைச்சட்டைக்குப் பக்கத்தில், உயிரோடு, நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது.

பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, இந்தக் கையை எடும்" என்றேன், என் கையை. பிறகு அது என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்தேனா, எடுக்கப்பட்டதா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

 மனைவி என் பக்கத்தில் வந்து, ஏதோ சால்வையைச் சரிசெய்பவள்போல, மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் முதுகில் கையை வைத்து அப்படியே நின்றாள்.

ஒரு பெரியவர் இருமிவிட்டுக் கதவைத் திறந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இலையில் ஒரு பருக்கை அசையவில்லை. கிளாஸ் விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"கோவம் தீரல போல" என்று பக்கத்து வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள். லயத்து மெதுவு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அக்கா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ அணைந்ததைப் பார்த்தேன். நான்தான் அணைத்தேன் என்றும் நினைத்தேன். ஒரே ஒரு வாய். பாவி, அவளுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"உள்ள நீ தனியாத்தான இருந்த?"

"ஆமாக்கா."

"ஒரு வாய் குடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கீழ ஊத்தியிருந்தா?"

"தெரிஞ்சிருக்காது."

"இது கொறையணும்னு நா எப்பிடித் தவிச்சேன்னு ஒனக்குத் தெரியும்ல? ஏண்டா செய்யல?"

எனக்குப் பகிடி எதுவும் வரவில்லை. "அது பொய்யா இருந்திருக்கும்க்கா. ஒன்ன ஏமாத்த முடியல" என்றேன்.

அவள் கிளாஸை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்கு ஆட்டோவுல என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லு."

சொன்னேன். நன்றாகக் கொடுத்தாள் என்றதை, அந்திக்கு ரொட்டி சுட்டிருப்பாள் என்றதை.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. குஷி வந்தா வைப்பாரே, அப்பிடிக் காலத் தூக்கி எஞ் சீட்டு மேல வச்சுக்கிட்டு."

"காலத் தூக்கி வச்சாரா?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள். பெட்டி வந்த அன்று அழாததும் சேர்ந்து வந்தது. "மாவு பெசஞ்சு வச்சிருந்தேன்டா. அன்னிக்கு மாவு பெசஞ்சுதான் வச்சிருந்தேன்." பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

பிறகு இலையை எடுத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் மட்டும் அக்கா, படைப்பதற்கு முன்பே தனியாக ஒரு சட்டியில் சோறும் குழம்பும் எடுத்து மூடி வைத்திருந்தாள். "படைச்சது ஒங்களுக்கு ஆகாதுன்னு தெரியும்" என்றாள். நான் யோசித்து யோசித்துப் போதகர் வரை போன விஷயத்தை, அவள் ஒரு மூடியால் மூடி முடித்திருந்தாள். குழம்பில் உப்பே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மிச்சமிருந்த போத்தல் உள்ளே இருந்தது. அதை லயத்தின் கடைசியில் காத்திருக்கும் ஆண்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் மச்சினன் வேலைதான். கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். கடைசி வீடு வரை, பனியில், கையில் போத்தலோடு. கிளாஸோடு முடிந்தது என்று நினைத்திருந்த நான் அந்தத் தூரத்தைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். போத்தலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்து, இஸ்தோப்புப் படியில் காலை வைத்தாள்.

"அடியே, எறங்காத! கருமாதி முடியல!" என்று பெண்களில் ஒருத்தி கத்தினாள்.

"அவன் தூக்க வேணாம்" என்றாள். இறங்கி நடந்தாள்.

பனி அவளை முதுகிலிருந்து தொடங்கி மெதுவாக எடுத்துக்கொண்டது. செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. என் பின்னால் திறந்த அறையிலிருந்து சாராய வாடை வந்தது. அந்தக் குரலும் வந்தது, "மாப்ள" என்று, பழைய மாதிரியே. நான் பாட்டு எதுவும் பாடவில்லை. அக்கா திரும்பி வருகிறாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.