மாற்றம் ஏதும் இல்லை

மேமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வியாகுலத்திடம் ஒரு ஃபாரம் நிரப்பப் போனால் அரை நாள் போச்சு என்று அர்த்தம். பேரை மூன்று தரம் கேட்பார். அப்பன் பேரை மூன்று தரம் கேட்பார். எழுதினதை வாசித்துக் காட்டி, "சரிதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். "மாஸ்டரு எழுதி முடிக்கிறதுக்குள்ள ஒரு மலைக் கொழுந்த எடுத்து முடிச்சிரலாம்" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் மனுஷன் பிறக்கும்போதே இப்படியில்லை. ஒரு காலத்தில் ஹட்டன் வட்டாரத்திலேயே அவரளவு வேகமாக ஃபாரம் நிரப்ப ஆள் கிடையாது. அந்த வேகம்தான் பேச்சியம்மா தலையில் விடிந்தது.

பேச்சியம்மா, வரிசையாகக் காம்பரா அறைகள் கட்டின ஏழாம் லயத்துக்காரி. கொழுந்தெடுக்கிறவள், கைம்பெண். புருஷன் சாகும்போது, மகள் அழகம்மாவுக்கு அவன் குலதெய்வத்தின் முன்னால் முடியிறக்க வேண்டுமென்று வேண்டுதலை வைத்துவிட்டுச் செத்தான். சாமிக் கடனை வைத்துக்கொண்டு யார் நிம்மதியாக இருக்க முடியும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷம், தோட்டத்து ஆட்களை இலங்கை தன் பிரஜைகள் இல்லை என்று ஒதுக்கியிருந்ததால், இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, மகளைக் கூட்டிக்கொண்டு முசிறிப் பக்கம் கருவேலம்பட்டிக்குப் போனாள். முடியிறக்கினாள், பத்தாம் நாள் திரும்பிவிட்டாள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மலையில்தான். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே முகம் அந்தச் சாமியுடையது. அடுத்த வருஷமே, எல்லாரையும் போல இலங்கைப் பிரஜாவுரிமைக்கும் எழுதிப்போட்டாள்.

ஐம்பத்தைந்தில் பாஸ்போர்ட் காலாவதியானது. "பிரஜாவுரிமை வர்ற வரைக்கும் கையில ஒரு காகிதம் இல்லாம இருக்கப்படாது, புதுப்பிச்சு வச்சுக்கங்க" என்று வியாகுலம்தான் அவளுக்குச் சொன்னார். அந்த வருஷம் அது சுலபமாகியும் இருந்தது. முன்பெல்லாம் கண்டியில் இருக்கிற இந்தியத் தூதரக ஆபீசுக்கு நேரே போய் நிற்க வேண்டும். இப்போது ஒற்றைத் தாள், இரண்டு படம், பழைய புத்தகம், எல்லாவற்றையும் தபாலில் போட்டால் போதும். ஒரே ஒரு நிபந்தனை. 'பழைய விவரங்களில் மாற்றம் ஏதும் இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பழையபடி கண்டிப் பயணம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேசையில் இருபத்துமூன்று ஃபாரம் கிடந்தது. தலவாக்கலை மாதா கோயில் திருநாளுக்குப் போக அவர் மனைவி பெற்றீசியா சீலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து பேச்சியம்மா சொன்னாள்.

"மாஸ்டர், நெரந்தர விலாசத்துக்கு அந்த ஊர எழுதாதீங்க. அங்க நமக்கு யாரு இருக்கா? இந்தத் தோட்டத்தையே எழுதிருங்க."

பழைய புத்தகத்தில் கருவேலம்பட்டிதான் இருந்தது. தோட்டத்துப் பேரேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த ஊர் ஒன்று எழுதியிருக்கும். பாஸ்போர்ட் எடுத்தவர்கள் எல்லாருக்கும் அதைப் பார்த்தே எழுதியிருந்தார்கள். இப்போது அதை மாற்றினால் கண்டிக்குப் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவளோடு இவரும் போக வேண்டும், இரண்டு நாள் லீவு போட வேண்டும். வியாகுலம் 'மாற்றம் ஏதும் இல்லை' கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"எழுதியாச்சு, பேச்சியம்மா. பெருவிரல வைங்க" என்றார்.

பொய்தான். சின்னப் பொய். பஸ்ஸையும் பிடித்துவிட்டார்.

ஐம்பத்தேழில் பிரஜாவுரிமை விசாரணை ஹட்டனில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்தது. கைவசமுள்ள காகிதம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மா பாஸ்போர்ட்டையும் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். வியாகுலம் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் விசாரணை. மேசையில் இருந்த ஃபைல் கட்டுக்குள் அவருடையதும் கிடந்தது.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அவர் கேட்டதைத் துவிபாஷி தமிழில் சொன்னார். "ஐம்பதுல நிரந்தர விலாசம் இந்தியான்னு எழுதியிருக்கு. சரி, ஏதோ அவசரத்துல எழுதினதுன்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷம் கழிச்சும் மாற்றம் இல்லைன்னு அதையே எழுதியிருக்கே, அம்மா. இங்கேயே இருக்கப்போறவ எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

பேச்சியம்மா ஓரடி முன்னால் வந்தாள். "நான் அப்புடிச் சொல்லலீங்களே" என்றாள்.

"அப்போ யார் எழுதினது?"

வியாகுலம் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். 'நான்தான் ஐயா, அவள் சொன்னது வேறே, நான் எழுதினது வேறே' என்று ஒரு வார்த்தை போதும். அவர் எழுந்திருக்கவில்லை. கண் மேசையில் இருந்த தன் ஃபைல் மேலேயே நின்றது. பொய் எழுதினவன் என்று தெரிந்தால் தன் கதி என்ன, பெற்றீசியா கதி என்ன என்று மனசு கணக்குப் போட்டது. பேச்சியம்மா பின்னால் திரும்பவே இல்லை.

"கடத்தெருவுல யாரோ ஒருத்தர் எழுதுனாருங்க. மொகம் ஞாபகமில்ல" என்றாள்.

அவளுடைய மனு தள்ளுபடியானது. அடுத்த வருஷம் வியாகுலத்துக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. பெற்றீசியா அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். அவர் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். விஷயம் தெரிந்ததும், "ஆபத்துக்குப் பாவமில்லங்க" என்று அவள் ஆறுதல் சொன்னாள். ஆபத்து யாருக்கு வந்தது, தப்பித்தது யார் என்று அவர் அவளைக் கேட்கவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணினார். சாமியார் மூன்று செபம் சொல்லச் சொன்னார். மூன்று செபத்தில் தீருகிற பாவமா இது என்று அவருக்குச் சாமியார் மேலேயே கோபம் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு ஏழாம் லயத்துப் பக்கம் போகவே கால் வரவில்லை.

அறுபதில் பேச்சியம்மா இலங்கையில் தங்கியிருக்கும் அனுமதி முடிந்தது. கப்பலேற வேண்டும். அழகம்மாவுக்கு விசாரணைக்கு முந்தியே நிச்சயமாகி, அதற்குள் கலியாணமும் முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஆண்டியப்பன் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் மகள் இங்கே, தாய் அங்கே என்றாகிவிட்டது. போவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை மறுபடி புதுப்பிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா அதே புத்தகத்தோடு வந்து, அதே மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இந்தத் தடவ என்னையக் கேட்டு எழுதுங்க, மாஸ்டர்."

வியாகுலம் பேனாவைக் கீழே வைத்தார். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விசாரணை மண்டபத்திலேயே தெரிந்திருக்கிறது.

"பேச்சியம்மா, அன்னைக்கு நான் எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். என்னைய நீங்க ஏன் காட்டிக்குடுக்கல?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவம் இல்லாம இல்ல மாஸ்டர். வயிறு எரிஞ்சுச்சு. ஆனா என்னையத் தள்ளிருவாங்கன்னு அந்தத் தொரை மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அழகம்மாவுக்கு எழுத்து வாசன கெடையாது. ஒங்களையும் தள்ளி, நீங்களும் கப்பலேறிட்டா, என் கடுதாசிய அவளுக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?"

அவர் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். நிரந்தர விலாசம் என்றபோது அவள், "மேமலைத் தோட்டம், ஏழாம் லயம், மூணாம் காம்பரா" என்றாள். செல்லாது என்று தெரிந்தும் அப்படியே எழுதினார். விவரம் மாறிவிட்டதால் கண்டிக்கு நேரே போக வேண்டியதாயிற்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் போட மனசு வராத லீவைப் போட்டுக்கொண்டு அவரே கூட்டிப் போனார். அங்கிருந்த கிளார்க், "குடியிருக்கப் போற இடத்தத்தானே அம்மா எழுதணும்" என்று இதமாகத்தான் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டு, கருவேலம்பட்டி என்று எழுதினார். பேச்சியம்மா பெருவிரலை வைத்தாள்.

அவள் போனபிறகு மாதம் ஒரு கடுதாசி வந்தது. யாரையோ பிடித்து எழுதுவித்திருப்பாள். அழகம்மா அதை உடைக்காமல் கொண்டுவந்து நீட்டுவாள், வியாகுலம் மேலே இருக்கிற ஊர்ப் பேரிலிருந்து ஆரம்பித்து வாசிப்பார். சாமி கோயிலுக்குப் பக்கத்திலே ஒரு குடிசையில் இருப்பதாக, அங்கே எல்லாரும் தன்னைச் சிலோன்காரி என்று கூப்பிடுவதாக, வெயில் தாங்கவில்லை என்பதாக இருக்கும். முடிவில் தவறாமல் 'மாஸ்டரை விசாரித்ததாகச் சொல்லவும்' என்றிருக்கும். அந்த வரியை மட்டும் அவர் வாசிக்கமாட்டார்.

ஒரு நாள் பாதி வாசிப்பில் அழகம்மா கேட்டாள்.

"ஏன் மாஸ்டர், எங்கம்மாவுக்கு அந்த ஊரு விலாசத்த எழுதிக் குடுத்த பாவி யாரு? கடத்தெரு ஆளுன்னு சொல்லுச்சு. ஒங்களுக்குத் தெரியுமா?"

வியாகுலம் கடுதாசியை மேசைமேல் வைத்தார்.

"நான்தாம்மா" என்றார்.

அழகம்மா கடுதாசியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று அதை விரித்து, மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மிச்சத்தப் படிங்க" என்றாள்.