கசார்வாடியில் எனக்கு இருந்த லாரிகள்

ஒரு காலத்தில், பழைய மும்பை சாலையில், பூனா பக்கத்துக் கசார்வாடியைக் கடந்துபோன லாரிகளில் முக்கால்வாசி எனக்குச் சொந்தமாக இருந்தன. இன்று என் பெயரில் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதுவும் உதைத்தால்தான் கிளம்புகிறது. மனிதர்கள் எட்டு வயதுக்குப் பிறகு மெல்லச் சரியத் தொடங்குகிறார்கள் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

அந்தச் சொத்துக்கு மூலதனம் ஏழாம் வாய்ப்பாடு. பள்ளியில் தினமும் காலையில் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். மூவேழு இருபத்தொன்று வரை கம்பீரமாகப் போவேன். அதற்குமேல் வகுப்பறையில் எனக்கு மட்டும் காற்று போதாது. அம்மா வாய்ப்பாட்டைப் பெரிதாக எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். நான் குளிப்பதைத் தள்ளிப்போடக் கற்றுக்கொண்டேன். அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "ஏழாறு?" என்பார். எனக்கு அந்த நேரம் பார்த்து வயிற்றை வலிக்கும்.

அப்போது சித்தப்பா எங்களோடு இருந்தார். ஊர் கோயம்புத்தூர் பக்கம். ராணுவத்தாருக்குச் சம்பளக் கணக்குப் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து வந்தவர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு வரன்கள் கைக்கு வந்து நழுவிவிட்டன. தலைமுடியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்ததால் வீட்டில் ஒரு பதற்றம் இருந்தது.

ஒரு மாலை, சாலையைப் பார்த்த பால்கனியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த லாரி நெம்பர்ல கடைசி ரெண்டையும் பெருக்கு பாக்கலாம். யாரு மொதல்ல சொல்றாங்களோ, லாரி அவங்களுக்கு."

"நெஜமாவே நமக்கா?"

"பின்னே? டிரைவருக்குத் தெரியாது. நாமளும் சொல்ல வேண்டாம்."

நாலும் ஐந்தும் போயின. மூன்றும் ஆறும் போயின. பிறகு ஏழும் எட்டுமாக ஒரு வெங்காய லாரி வந்தது. சித்தப்பா முந்திக்கொண்டு, "அம்பத்தி நாலு!" என்று கத்தினார். எனக்குச் சந்தேகமாக இருந்தது. குளியலறைக் கதவுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"சித்தப்பா, அம்பத்தாறு!"

"அட போ! அப்ப வெங்காயமும் உனக்குத்தான்."

அன்றிலிருந்து அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். மற்ற வாய்ப்பாடுகளில் ஓரளவு தேறுவார். ஏழு வந்தால் தடுமாறுவார். அவரைத் திருத்துவதற்காகவே நான் குளியலறைக் கதவடியில் மணிக்கணக்காக நின்றேன். வகுப்பில் ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தேன். அதைப் பெரிய சாதனையாக நான் நினைக்கவே இல்லை. என் கவலை வேறு. இது அலுவலகத்தில் தெரிந்தால் சித்தப்பாவின் வேலை என்ன ஆகும்?

இப்படி இருக்கையில் மூன்றாவது வரன் வந்தது. கோர்படி ரயில்வே காலனியை ஒட்டி வீடு. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. பூனாவிலேயே ஊறிப்போன தமிழ்க் குடும்பம் என்பதால் பஜ்ஜி, சொஜ்ஜி இல்லை. மராத்தி வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வெங்காய அவலை, காந்தா போஹேயை, தட்டு தட்டாக வைத்தார்கள். அம்மா அதைப் பார்த்து ஒரு கணம் திகைத்துப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள். கிளம்பும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள்: "கண்ணு, அங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது. இதுவும் போச்சுன்னா உங்க சித்தப்பா சாமியாராத்தான் போகோணும்."

பெண் வந்து வணங்கிவிட்டுக் கதவோரம் நின்றாள். "எம்.எஸ்ஸி. மேத்ஸ்," என்றார் அவள் அப்பா, பரிசுக் கோப்பையைக் காட்டுகிறவரைப் போல. பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளைக்கும் கணக்குதானே வேலை? பொருத்தம் பாருங்க!"

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் தெரிந்து அவமானப்படுவதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

"சித்தப்பாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாதுங்க. நாந்தான் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்."

அப்பா போஹேயில் எதையோ தேட ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா சிரித்தார். ஆனால் மீசை சிரிக்கவில்லை.

"அப்படியா தம்பி? ஏழெட்டு எவ்வளவு, சொல்லுங்க கேட்போம்."

மாப்பிள்ளை ஒரே வாக்கியத்தில் தம்பியாகிவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் சித்தப்பாவைப் பார்த்து, 'அம்பத்தாறு, அம்பத்தாறு' என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை, அவள் அப்பாவையும் பார்க்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"அம்பத்தி... நாலுங்களா?"

"அம்பத்தாறு!" என்று நான் துள்ளினேன். "பாத்தீங்களா? எப்பவும் இதே தப்பு. இதனாலேயே எத்தனை லாரி போச்சு!"

"லாரியா?" என்றாள் கதவோரம் நின்றவள். அதுவரை அவள் பேசியிருக்கவில்லை. நான் அவளுக்கு விளையாட்டை விளக்கினேன், வெங்காய லாரி உட்பட. அவள் கேட்டுக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வந்தது.

"இங்கே லாரி வராது. கூட்ஸ் வண்டிதான் வரும். சலோ, டப்பா நம்பர் பார்க்கலாம்."

பின்வாசலுக்குப் போனோம். சரக்கு ரயில் ஒன்று ஆமையாக நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக நான் வென்றுகொண்டு வந்தேன். ஏழும் எட்டுமாக ஒரு பெட்டி வந்தபோது, அவளுக்கு ஒரு வாய்ப்புத் தரலாமே என்று பொறுத்தேன்.

அவள் விரலை மடக்கி யோசித்தாள். "ஐம்பத்து நாலு... தானே?"

எங்கள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த சித்தப்பா திடீரென்று இருமினார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தவறாகச் சொன்னதற்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லை, பழகப் பழக வந்துரும்," என்று தேற்றினேன்.

உள்ளே வந்ததும் அவள் அப்பாவிடம் ஏதோ மராத்தியில் சொன்னாள். அவர் அவளை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளைக்கு இன்னொரு கப் காபி கொண்டாங்க."

திரும்பும்போது லோக்கல் ரயிலில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அம்மா என்னைத் திட்டக்கூட மறந்துவிட்டாள். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். நான் மட்டும்தான் கவலையாக இருந்தேன். ஒருவர் சம்பளக் கணக்குப் போடுகிறார், இன்னொருத்தி எம்.எஸ்ஸி. என்கிறார்கள். இரண்டு பேருக்குமே ஏழெட்டு தெரியவில்லை. நாளைக்கு இவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால், பாவம், அதற்கு வாய்ப்பாடு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?