அக்காவின் அவரை எந்த வரிசை?

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அக்கா பொறுமையின் இருப்பிடம், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்று எழுதும்படி சிலர் சொன்னார்கள். எழுத மாட்டேன். அவர் அதிர்ந்து பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். நான் கூடப் பிறந்த தம்பி. பொய் எழுதினால் முதலில் அவரே என்னைத் திட்டுவார்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பத்தாவது முடித்த கையோடு அக்கா விம்கோ நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். சில ஆண்டுகளில் அவர் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டது. அந்தக் கவலையிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிடு என்று நாங்கள் கூப்பிட்டோம். அக்கா வரவில்லை. தையல் மிஷினை மிதித்தே மகனை ஆளாக்கினார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், சாம்பலும் செங்கல் தூளுமாகக் கிடந்தது. கம்பெனிப் புகை படிகிற இடத்தில் புல்கூட முளைக்காது என்றார்கள்.

"மொளைக்காதா? மொளைக்க வெச்சுக் காட்றேன், பாத்துக்கினே இரு!" என்றார் அக்கா.

யானைக்கவுனிக் கடை ஒன்றில் ஒரு பிடி அவரை விதை வாங்கிவந்து போட்டார். பட்டையான காய், ஓரத்தில் ஊதாக் கோடு. வேகவைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அதே விதையை எடுத்துவைத்து ஆடியில் போடுவார். அந்தக் காயை வாங்கிச் சாப்பிடாத வீடு தெருவில் ஒன்றே ஒன்றுதான், பக்கத்து வீடு. சாக்கடைத் தண்ணீர்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியோடு அக்கா பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருடம் விதை டப்பாவில் வண்டு விழுந்துவிட்டது. தப்பித்த விதை முழுவதையும் அக்கா ஆடியில் போட்டுவிட்டார். மொத்தம் நாலு வரிசை: கொத்தவரை, காராமணி, மொச்சை, நம் அவரை; எது எந்த வரிசை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வரிசையின் குச்சியிலும் காசிமேட்டு நைலான் கயிறு ஒவ்வொரு நிறத்தில் கட்டியிருந்தார். ஆவணியில் மருத்துவமனையில் படுத்தபோது என்னிடம் சொன்னது இதுதான்: "செவப்புக் கயிறு கட்டினது நம்ப அவரை. டப்பா காலி. அது போச்சுன்னா அவ்ளோதான்டா."

இனி எழுதப்போவது எனக்கு அவமானம். ஆனாலும் எழுதுகிறேன். அக்கா இறந்த அன்று தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டக் கயிறு கேட்டார்கள். பதற்றத்தில் நான் பின்பக்கம் ஓடி, நாலு குச்சியிலிருந்தும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, என் கையாலேயே பேனரைக் கட்டினேன். படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நான் செய்தது பதினாறாம் நாள்தான் எனக்கு உறைத்தது: சிவப்புக் கயிறு எந்தக் குச்சியில் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

அதற்குள் அக்காவின் மகன் மழைக்கு முன்னால் பின்பக்கம் முழுவதும் சிமென்ட் தரை போட ஆள் பேசிவிட்டான். அவனுடைய லோடு வண்டி சேற்றில் மாட்டிக்கொள்கிறது, அவனையும் குறை சொல்ல முடியாது.

"நாலு கொடிக்கு இத்தினி பேஜாரா மாமா? சொவரு ஓரமா ஒரு வரிசை உட்டுத் தரேன். எதுன்னு நீயே காட்டு. மத்தத பிடுங்கிடுவேன்."

"எதுன்னு தெரியற வரைக்கும் ஒரு செடி மேல கைய வெச்சுப் பாரு!" என்று வேலையாட்களை மறித்து நின்றேன். அரை நாள் கொடுத்தார்கள்.

படராமல் நேராக நின்றது கொத்தவரை. இலை குறுகி வழவழவென்று இருந்தது காராமணி. மீதி இரண்டு வரிசையில்தான் திண்டாட்டம். அவரையும் மொச்சையும் இலையில் இரட்டைப் பிள்ளைகள். பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. தட்டில் வைத்ததைத் தின்றவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சுவருக்கு மேல் கஸ்தூரியின் தலை தெரிந்தது.

"இன்னாண்ணா, எலைய மோந்துகினு கீற?"

சொன்னேன். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு சுற்றி வந்து, இரண்டு கொடியையும் புரட்டிப் பார்த்தார்.

"இதாண்ணா உங்க அக்கா அவரை. தண்டுல ஊதா ஓடுது பாரு. அது மொச்சை, தண்டு பச்சையா கீது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பத்து வருசமா சொவரு மேல கைய போட்டுத் திருடிகினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

"அக்காவுக்கு இது தெரியாதா?"

"தெரியாமயா? சொவத்தாண்ட தொங்குற காய அது ஒரு நாளும் பறிச்சதில்ல. முத்திப்போனாலும் பறிக்காது." இதைச் சொல்லிவிட்டுக் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் காட்டியது சரி. மார்கழியில் அந்த வரிசையில் ஊதாப் பூ வந்தது, தை மாதத்தில் ஊதா ஓரக் காய் வந்தது. சிமென்ட் அந்த வரிசைக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது.

அக்காவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், வாக்கு தவறாமல் ஒரு வரிசை விட்ட மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதல் வரிசை நாற்காலியில் கஸ்தூரியை ஏன் உட்கார வைக்கிறாய் என்று இந்த மலர் அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான்தான் உட்கார வைக்கிறேன். எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன். பிடிக்காதவர்கள் என்னிடம் வந்து பேசலாம்.

இந்த ஆடியிலும் அவரை போட்டிருக்கிறோம். சுவரோரக் காயை எங்கள் வீட்டில் யாரும் பறிக்கக் கூடாது என்று அக்காவின் மருமகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.